கிட் ரேடியோவில் கோளாறு: சால்டரிலா, ஃபர்ம்வேரிலா?

கடைசிப் பாகத்தையும் சால்டர் செய்தாயிற்று. 12 வோல்ட் கொடுத்து ஸ்விட்சைப் போடுகிறீர்கள். திரையின் விளக்கு எரிகிறது, ஆனால் எழுத்து எதுவும் வரவில்லை. மேல் வரிசையில் மட்டும் 16 கறுப்புக் கட்டங்கள் அசையாமல் நிற்கின்றன.

பாகங்களாக வரும் கிட்டிலிருந்து சொந்தக் கையால் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் பெற்ற பொழுதுபோக்காளர்களின் ரேடியோ) கட்டியவர்களில் பலர் இந்தக் கட்டங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் முதலில் வாயில் வருவது, "ஃபர்ம்வேர் போயிருக்கும், புதுசு ஏற்றிப் பார்க்கலாம்" என்பதுதான். ஃபர்ம்வேர் என்பது ரேடியோவின் சிப்பில் ஏற்றிய நிரல். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கட்டங்களே ஒரு தகவல். இரண்டு வரி எழுத்துத் திரைக்கு மின்சாரம் வந்த பிறகு, யாராவது அதனிடம் பேசும்வரை அது இப்படித்தான் நிற்கும். அதாவது, திரைக்கு 5 வோல்ட் வந்துவிட்டது, கான்ட்ராஸ்ட்டும் சரி, ரேடியோவை ஆட்டுவிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர்தான் இன்னும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? அதற்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். அதன் கிரிஸ்டலின் ஒரு காலில் டிரை சால்டர் (சரியாக ஒட்டிப் பிடிக்காத சால்டர்) இருக்கலாம். திரைக்குப் போகும் இணைப்புகளில் ஒன்று விட்டிருக்கலாம். அல்லது சிப்பில் ஃபர்ம்வேரே இல்லாமல் இருக்கலாம். இந்த நான்கில் மூன்றுக்குச் சால்டரிங் அயர்ன் வேண்டும், ஒன்றுக்குத்தான் கம்ப்யூட்டர்.

கோளாறு உலோகத்தில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கிட் ரேடியோவோடு வாழ்வது மிகவும் சுலபமாகிவிடும். நிரலில்தான் என்று உறுதியான பிறகு அதை மாற்றுவது பெரிய வேலை கிடையாது.

ஃபர்ம்வேர் இந்தப் பெட்டிக்குள் என்ன செய்கிறது?

டியூனிங் குமிழைத் திருப்புகிறீர்கள். பழைய ரேடியோக்களில் குமிழின் தண்டு ஒரு மாறும் கெப்பாசிட்டரையே நேராகச் சுழற்றும். இன்றைய கிட்களில் குமிழுக்கு அடியில் இருப்பது ரோட்டரி என்கோடர். எந்தப் பக்கம், எத்தனை படி என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. மைக்ரோகண்ட்ரோலர் அந்தப் படிகளை எண்ணி, புதிய அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, எஸ்ஐ5351 போன்ற ஒரு சின்னஞ்சிறு சிப்புக்கு இரண்டே இணைப்புகள் வழியாகக் கட்டளை அனுப்புகிறது. அந்தச் சிப், தன் பக்கத்தில் இருக்கும் 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஆதாரமாக வைத்துக்கொண்டு, கேட்ட அதிர்வெண்ணை உண்டாக்கித் தருகிறது. கூடவே திரையில் எண் மாறுகிறது, பேண்டுக்கு, அதாவது அதிர்வெண் வரம்புக்கு, ஏற்ப ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் மாறுகிறது. இவற்றையெல்லாம் எப்போது, எந்த வரிசையில் செய்வது என்று சொல்லும் நிரல்தான் ஃபர்ம்வேர்.

அது செய்யாத வேலைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆர்டுயினோ நானோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு எஸ்ஐ5351-ஐயும் திரையையும் ரிலேக்களையும் ஆட்டுவிக்கிறது. ஆன்டெனாவில் வந்த சிக்னலைப் பெருக்குவது, கிரிஸ்டல் ஃபில்டரில் வடிகட்டுவது, ஒலிபரப்பும்போது வாட் கணக்கில் சக்தி ஏற்றுவது எல்லாம் டிரான்சிஸ்டர், சுருள், கிரிஸ்டல் ஆகியவற்றின் வேலை. அங்கே ஒரு டோராய்டு (வளைய வடிவ) சுருளின் கம்பியில் எனாமலைச் சரியாகச் சுரண்டாமல் சால்டர் செய்திருந்தால், எந்தப் புதிய ஃபர்ம்வேரும் அதைச் சரிசெய்யாது.

எல்லாக் கிட்டும் இப்படி இல்லை. க்யூஆர்பி லேப்ஸின் க்யூஎம்எக்ஸ் போன்றவற்றில், ரிசீவரின் வடிகட்டும் வேலையையே மைக்ரோகண்ட்ரோலர் கணக்குப் போட்டுச் செய்கிறது. அங்கே ஃபர்ம்வேரின் பங்கு மிகப் பெரியது, அதனால் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்கவும் நியாயம் அதிகம். உங்கள் கிட்டின் பிளாக் டயகிராமை ஒருமுறை எடுத்து, மைக்ரோகண்ட்ரோலர் தொடும் கட்டங்களுக்கு ஒரு வண்ணம் தீட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பின்னால் பல மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

சிப்புக்குள் இரண்டு நினைவகங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கிட்களில் நீண்ட காலமாகப் புழங்கும் ஏடிமெகா328பி சிப்பில் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் 1 கிலோபைட் ஈஈப்ராமும் தனித்தனியாக இருக்கின்றன. ஃபிளாஷில் இருப்பது நிரல். ஈஈப்ராமில் இருப்பது உங்கள் ரேடியோவுக்கே உரிய எண்கள்: ஆதாரக் கிரிஸ்டல் எவ்வளவு விலகி ஓடுகிறது என்ற திருத்தம், பிஎஃப்ஓ (வடிகட்டிய சிக்னலோடு கலந்து குரலைக் கேட்கவைக்கும் துணை அலை) எந்த அதிர்வெண்ணில் நிற்க வேண்டும் என்பது, சேமித்த சேனல்கள், சிடபிள்யூ (மோர்ஸ்) வேகம் என்று எல்லாம்.

ஃபிளாஷ் அச்சிட்ட பாடப் புத்தகம் என்றால், ஈஈப்ராம் அதன் ஓரத்தில் நீங்கள் பென்சிலால் எழுதிய குறிப்பு. புத்தகம் எல்லோரிடமும் ஒன்றுதான். குறிப்பு உங்களுடையது மட்டும். ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு கிரிஸ்டல்கள்கூட ஒரே மாதிரி ஓடாது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய அதே கிட்டின் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது.

புதுப்பிக்கும்போது புத்தகம் மாறுகிறது. குறிப்பு என்னவாகும்? அது நீங்கள் எந்த வழியாக ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏடிமெகாவில் பூட்லோடர் என்ற குட்டி நிரல் வழியாக யுஎஸ்பி மூலம் ஏற்றினால் வழக்கமாக ஈஈப்ராமை அது தொடாது. வெளியிலிருந்து புரோகிராமரை (சிப்பில் நிரல் எழுதும் கருவியை) இணைத்து ஏற்றும்போது முதலில் சிப் முழுவதும் அழிக்கப்படும். 'ஈசேவ்' என்ற ஃபியூஸ் பிட்டை (சிப்பின் நிலையான அமைப்புகளில் ஒன்றை) போட்டு வைக்காவிட்டால், அந்த அழிப்பில் ஈஈப்ராமும் சேர்ந்து போய்விடும்.

என் முதல் கிட்டில் எனக்கு இது தெரியாது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த ரிசீவர் ஒரு நாள் திடீரென மந்தமாகிவிட்டது. ஃபர்ம்வேர்தான் காரணம் என்று முடிவுகட்டி, புரோகிராமரை இணைத்துப் புதிய பதிப்பை ஏற்றினேன். ரிசீவர் அப்படியே மந்தமாக இருந்தது. அதோடு அதிர்வெண்ணும் விலகிப்போய், கேட்கும் கொஞ்சநஞ்சக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. உண்மையான கோளாறு ஆன்டெனா ரிலேயின் ஒரு காலில் இருந்த டிரை சால்டர். அதைத் தொட்டுச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. அழித்துவிட்ட எண்களைத் திரும்பக் கண்டுபிடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு மாலைகளால்தான்.

உலோகமா, நிரலா?

ஃபர்ம்வேர் தானாகத் தேயாது. நேற்று வேலை செய்த ரேடியோ, நீங்கள் எதையும் ஏற்றாமலேயே இன்று வேலை செய்யவில்லை என்றால், முதல் சந்தேகம் உலோகத்தின் மேல்தான் போக வேண்டும். போர்டை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டும்போது கோளாறு வந்து போகிறதா? சூடான பிறகு மட்டும் வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் இணைப்பில்தான். மாறாக, ஒரு குறிப்பிட்ட மெனுவுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உறைகிறது, அதே பதிப்பை ஏற்றியிருக்கும் மற்றவர்களுக்கும் அப்படியே ஆகிறது என்றால், அது நிரல்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மின்னழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஈஈப்ராமில் எழுத்து நடந்தால், அங்கே குப்பை எண்கள் பதிந்துவிடலாம். பேட்டரி தீர்ந்துபோய் ரேடியோ அணைந்த மறுநாள் அதிர்வெண் கண்டபடி காட்டினால், மெனுவில் திருத்த எண்களை ஒருமுறை பாருங்கள். நிரலும் நன்றாக இருக்கும், சால்டரும் நன்றாக இருக்கும், பென்சில் குறிப்பு மட்டும் கலைந்திருக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். உள்ளே வரும் 12 வோல்ட், ரெகுலேட்டரிலிருந்து வெளியே போகும் 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், பிறகு மைக்ரோகண்ட்ரோலரின் காலிலேயே வைத்து அதே அளவு. ரெகுலேட்டரில் 5 வோல்ட் இருந்து சிப்பின் காலில் இல்லையென்றால், கோளாறு இருக்கும் இடம் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில். ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கிவிடும் ரெசிஸ்டரை) மாட்டி வையுங்கள். இதை மறக்கவே வேண்டாம். தவறிப்போய் டிரான்ஸ்மிட் ஆனாலும் பவர் டிரான்சிஸ்டர் பிழைக்கும், காற்றிலும் ஒன்றும் போகாது.

சில அறிகுறிகளைப் பொறுமையாகப் படித்தால் கோளாறு தன் விலாசத்தைத் தானே சொல்லிவிடும். திரையில் எல்லாம் சரியாக வருகிறது, குமிழைத் திருப்பினால் எண் மாறுகிறது, ஆனால் எந்தப் பேண்டிலும் ஒன்றுமே கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடுகிறது என்பதற்குத் திரையே சாட்சி. அப்புறம் எஸ்ஐ5351 பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு ரிசீவரைப் பக்கத்தில் வைத்து, அந்தச் சிப் உண்டாக்க வேண்டிய அதிர்வெண்ணில் டியூன் செய்தால், தெளிவான ஒரு விசில் கேட்க வேண்டும். கேட்டால், கோளாறு அதற்கு அப்பால் ரிசீவர் பக்கம். கேட்காவிட்டால் அந்தச் சிப்பும் அதற்குப் போகும் இரண்டு இணைப்புகளும்.

டிரான்ஸ்மிட் பொத்தானை அழுத்தியவுடன் ரேடியோ அணைந்து மறுபடி தொடங்குகிறதா? "ஃபர்ம்வேர் கிராஷ் ஆகிறது" என்று சொல்லத் தோன்றும். டம்மி லோடில் ஒருமுறை, ஆன்டெனாவில் ஒருமுறை முயன்று பாருங்கள். இரண்டிலும் அணைந்தால், டிரான்ஸ்மிட் இழுக்கும் மின்னோட்டத்தில் சப்ளையின் வோல்டேஜ் சரிகிறது. மெல்லிய வயர், தளர்ந்த பிளக், சக்தி போதாத சப்ளை என்று தேடுங்கள். டம்மி லோடில் ஒழுங்காக ஓடி ஆன்டெனாவில் மட்டும் அணைந்தால், ஒலிபரப்பும் அலையே வயர்கள் வழியாகத் திரும்ப உள்ளே புகுந்து மைக்ரோகண்ட்ரோலரைக் குழப்புகிறது. ஃபெரைட் வளையமும், ஆன்டெனாவை ரேடியோவிலிருந்து தள்ளி வைப்பதும் அதற்கு வழி.

அதிர்வெண் விலகல் எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் அது கணக்காகவே பேசும். ஆதாரக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகி ஓடினால், 7 மெகாஹெர்ட்ஸில் 140 ஹெர்ட்ஸ் பிசகும், 28 மெகாஹெர்ட்ஸில் 560 ஹெர்ட்ஸ் பிசகும். மேலே போகப் போகப் பிசகு அதே விகிதத்தில் வளர்கிறதென்றால், ஆதாரத் திருத்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும். எல்லாப் பேண்டிலும் ஒரே அளவு பிசகுகிறதென்றால் காரணம் வேறு: பிஎஃப்ஓ தனிக் கிரிஸ்டலில் ஓடும் வடிவமைப்புகளில், அதன் உண்மையான அதிர்வெண்ணும் நிரலில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. அதிர்வெண் சரியாக இருந்து, குரல் மட்டும் கீச்சென்றோ முணுமுணுப்பாகவோ கேட்டால், ஃபில்டரின் ஓரத்தில் பிஎஃப்ஓ தவறான இடத்தில் நிற்கிறது. இவை மூன்றுமே மெனுவுக்குள் போய்ச் சரிசெய்யக்கூடியவை. புதிய ஃபர்ம்வேர் தேவையே இல்லை.

ஏற்றுவதற்கு முன்

சரி, நிரலில்தான் பிழை, புதிய பதிப்பில் அதைத் திருத்தியிருக்கிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. உடனே யுஎஸ்பி கேபிளைத் தேடாதீர்கள். முதலில் ஒரு தாள். மெனுவில் இருக்கும் எல்லாத் திருத்த எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் பதிப்பு எண்ணையும் அதில் சேருங்கள். அந்தப் பழைய பதிப்பின் கோப்பையும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் போர்டின் பதிப்பு. மைக்ரோ பிட்எக்ஸின் 4-ஆம் பதிப்பில் இரண்டாம் இடைநிலை அதிர்வெண் (வடிகட்டுவதற்காக உள்ளே சிக்னலை மாற்றும் அதிர்வெண்) 12 மெகாஹெர்ட்ஸ் அருகில் இருந்தது. 5-ஆம் பதிப்பில் அது 11.059 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களுக்கு மாறியது. ஒன்றின் நிரலை மற்றொன்றில் ஏற்றினால் திரை அழகாக வரும், குமிழ் வேலை செய்யும், ரிசீவர் மட்டும் செவிடாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சால்டர் கோளாறு போலவே தெரியும். போர்டில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டுக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கோப்பையும் ஒருமுறை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். ஃபர்ம்வேர் வழக்கமாக வரும் ஹெக்ஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். வலைப்பக்கத்தைப் போன்ற எழுத்துகள் தெரிந்தால், கோப்புக்குப் பதிலாக அதைக் காட்டும் பக்கத்தைச் சேமித்திருக்கிறீர்கள். இது அடிக்கடி நடப்பது.

மூன்று வாசல்கள்

நிரல் உள்ளே போக வழக்கமாக மூன்று வாசல்கள் உண்டு. ஆர்டுயினோ நானோ உள்ள கிட்களில் யுஎஸ்பியும் பூட்லோடரும். பூட்லோடர் என்பது ஃபிளாஷின் ஒரு மூலையில் முன்பே குடியிருக்கும் குட்டி நிரல். ரேடியோ தொடங்கும்போது சில நொடிகள் காத்திருந்து, புதிய நிரல் வந்தால் வாங்கி எழுதிக்கொள்ளும். இங்கே வரும் தொல்லைகள் பெரும்பாலும் ரேடியோவுக்கு வெளியில்தான். சார்ஜ் மட்டும் செய்யும், தரவுக் கம்பியே இல்லாத கேபிள். போர்டின் யுஎஸ்பி இணைப்பைக் கவனிக்கும் சிஎச்340 சிப்புக்கு டிரைவர் மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டர். அதே போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் இன்னொரு மென்பொருள். இவையெல்லாம் சரியாக இருந்தும் 'ஒத்திசைவு இல்லை' என்ற பொருளில் பிழை வருகிறதா? பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல். மென்பொருளில் நானோவுக்கான மற்ற பூட்லோடரைத் தேர்ந்தெடுத்தால் பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, புரோகிராமரை மாட்டும், ஆறு ஊசி உள்ள ஐஎஸ்பி இணைப்பு. பூட்லோடர் இல்லாத ஏடிமெகா கிட்களுக்கு இதுதான் வழி. பிளக்கின் முதல் ஊசி எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்ட வேண்டும். புரோகிராமர் 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்பதும் முக்கியம். ஃபியூஸ் பிட்களை மட்டும், கையேடு சொன்னால் ஒழியத் தொடாதீர்கள். இல்லாத ஒரு கிரிஸ்டலை நம்பி ஓடச் சொல்லி ஃபியூஸ் போட்டுவிட்டால், சிப் செத்ததுபோல் கிடக்கும். அப்போதும் அது சாகவில்லை, கடிகாரக் காலில் வெளியிலிருந்து ஒரு துடிப்பைக் கொடுத்தால் எழுந்து பேசும். ஆனால் ரீசெட் காலை முடக்கும் ஃபியூஸைப் போட்டுவிட்டால், 12 வோல்ட் கொடுத்து எழுதும் தனிப் புரோகிராமர் இல்லாமல் அதை மீட்க முடியாது.

மூன்றாவது வாசல் மிகவும் சுலபம். க்யூஎம்எக்ஸ் போன்ற ரேடியோக்கள் புதுப்பிக்கும் நிலையில் கம்ப்யூட்டருக்கு ஒரு பென்டிரைவ் போலத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. ராஸ்பெர்ரி பை பிகோ வைத்த கிட்களிலும் இப்படித்தான், பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு கேபிளைச் செருக வேண்டும். பிகோவில் இந்த முதல்நிலை நிரல் சிப் தயாரிக்கும்போதே அழிக்க முடியாதபடி பதிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கரண்ட் போய்விட்டால் ரேடியோ போச்சு என்று பயப்படத் தேவையில்லை, மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம்.

எந்த வாசலானாலும், ஏற்றும்போது ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டியிருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் மைக்ரோகண்ட்ரோலரின் கால்கள் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. டிரான்ஸ்மிட் கால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

ஏற்றிய பிறகு

திரையில் புதிய பதிப்பு எண் வந்துவிட்டால் தாளை எடுத்து எண்களைச் சரிபாருங்கள். காணாமல் போயிருந்தால் எழுதி வைத்ததை அப்படியே கொடுங்கள். புதிய பதிப்பு எண்களை வேறு அளவில் சேமிப்பதும் உண்டு. அப்படியானால் புதிதாகத்தான் திருத்த வேண்டும். அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி, சீனாவின் பிபிஎம் ஆகிய நேர நிலையங்கள் 10 மெகாஹெர்ட்ஸில் மிகத் துல்லியமாக ஒலிபரப்புகின்றன. உங்கள் ரேடியோ அங்கே கேட்குமானால், மேல் பக்கப்பட்டையில் (அப்பர் சைட்பேண்டில்) வைத்து 9.999 மெகாஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யுங்கள். சரியாக 1000 ஹெர்ட்ஸ் விசில் கேட்க வேண்டும். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஆப் ஒன்றை போனில் திறந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் எண் தெரிந்துவிடும். 1120 என்று காட்டினால் பிசகு 120 ஹெர்ட்ஸ், அதாவது பத்து லட்சத்தில் 12 பங்கு. அதைத் திருத்தினால் எல்லாப் பேண்டும் ஒன்றாக நேராகிவிடும்.

பிறகு டம்மி லோடிலேயே டிரான்ஸ்மிட் செய்து, சக்தியும் மின்னோட்டமும் முன்பு இருந்த அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றி எழுதிய நிரல்கள் சிலவற்றில் பேண்ட் எல்லை கிடையாது. எல்லைக்கு வெளியே போனால் பொறுப்பு லைசென்ஸ் வைத்திருப்பவருடையது என்பதால், இரண்டு ஓரங்களையும் இப்போதே சோதித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கிறதா? ஒரு பக்கம் வைத்த பழைய கோப்பை மறுபடி ஏற்றுங்கள். இரண்டு பதிப்பிலும் ஒரே கோளாறு என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் நிரபராதி. கேபிளைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் போர்டைத் திருப்பிப் போட்டு, லென்ஸை எடுத்துக்கொண்டு சால்டர் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரிலே கால்களிலிருந்து தொடங்குங்கள்.